கில்வா தீவில் ஒரு சித்தாள்

"ஏன்டா, நம்ம ஊருணிக் கரை மண்டபத்து மேல அரச மரம் முளைச்சு நிக்குது. அதப் புடுங்க ஒரு ஆளில்ல. நீ கடல் தாண்டிப் போயி ஆப்பிரிக்காவுல செடி புடுங்கப் போறியாக்கும்?"

2016 ஜூன் மாதம் அம்மா ஃபோனில் கேட்ட கேள்வி. ராமநாதபுரத்துக்காரர், எதையும் நேராகத்தான் கேட்பார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. "நெட்வொர்க் சரியில்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். (வெளியூரில் பிழைக்கும் மகன்கள் எல்லோரும் சொல்லும் பொய்தானே!)

என்னைப் பற்றி இரண்டு வரி. மதுரையில் பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் குஜராத்தில் வடோதராவில் வந்து நிற்கிறேன். டெபிட், கிரெடிட் தவிர வேறு சரித்திரம் படித்தவனில்லை. ஆனால் இங்கே கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருக்கிறார். அப்படி ஒரு மொத்த வியாபாரி, தார் எஸ் ஸலாமில் அண்ணன் கடை வைத்திருப்பவர், ஒரு நாள் பேச்சுவாக்கில் கில்வா தீவைப் பற்றிச் சொன்னார். "இடிந்த அரண்மனை, மசூதி எல்லாம் இருக்கு சாப். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து கல் சுமந்து சரி பண்றாங்க." அன்று இரவு தேட ஆரம்பித்தேன். ஆகஸ்டில் பதினாறு நாள் லீவு போட்டு நானும் கல் சுமக்கப் போய்விட்டேன். மனைவி இன்று வரை இதை ஒரு பைத்தியக்காரத்தனம் என்றுதான் சொல்கிறாள்.

சரி, கில்வா எங்கே இருக்கிறது?

தார் எஸ் ஸலாமிலிருந்து தெற்கே சுமார் 300 கிலோமீட்டர். கில்வா மசோகோ என்ற கரையோர ஊரில் இறங்கிப் படகு பிடித்தால் எதிரே கில்வா கிசிவானி. ஸ்வாஹிலி மொழியில் கிசிவானி என்றால் 'தீவில்' என்று அர்த்தம். இன்று அது மீனவர்களும் சிறு விவசாயிகளும் வாழும் அமைதியான கிராமம். 700 வருடங்களுக்கு முன்னால் இந்தியப் பெருங்கடலின் பெரிய வியாபார நகரங்களில் ஒன்று.

எப்படி அவ்வளவு பெரிய ஊரானது? எல்லாம் பருவக்காற்று செய்த வேலை. வடகிழக்குக் காற்றில் இந்தியாவிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் கிளம்பும் கப்பல், தென்மேற்குக் காற்றில் திரும்பி வர வேண்டும். அப்படி ஒரே பருவத்தில் போகக்கூடிய எல்லை ஏறக்குறைய கில்வாதான். அதற்கும் தெற்கே, இன்றைய மொசாம்பிக் கரையில் சொஃபாலா என்ற துறைமுகம். ஜிம்பாப்வே பீடபூமியில் எடுத்த தங்கம் அங்கேதான் வந்து சேரும். சொஃபாலாவைத் தன் கையில் வைத்திருந்த கில்வா அந்தத் தங்கத்தை வாங்கி, வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு விற்றது. தந்தமும் போனது. பதிலுக்குத் துணி, மணி, சீனப் பீங்கான் வந்தன. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், கில்வா ஒரு கிளியரிங் ஹவுஸ்.

இதற்குச் சாட்சி ஒரு செம்புக் காசு. கில்வா சுல்தான்கள் சொந்தமாகக் காசு அடித்தவர்கள். ஒரு பக்கம் சுல்தான் பெயர், மறு பக்கம் அதற்கு எதுகை போல ஒத்து ஒலிக்கும் இறைவணக்க வரி. வருடம் மட்டும் போட மாட்டார்கள். 14-ஆம் நூற்றாண்டு சுல்தான் அல்-ஹசன் பின் சுலைமான் பெயர் பொறித்த காசு ஒன்று, 1500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்நாட்டில் கிரேட் ஜிம்பாப்வே இடிபாடுகளில் கிடைத்தது. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1944-ல் ஆஸ்திரேலியாவின் வட கரையில் வெசல் தீவுகளில் காவலுக்கு இருந்த ஒரு ராணுவ வீரர் மணலில் சில காசுகளைப் பொறுக்கினார். அவற்றில் ஐந்து கில்வாக் காசுகள்!

1331-ல் இபின் பதூதா கில்வாவுக்கு வந்தபோது ஆண்டவர் அதே அல்-ஹசன் பின் சுலைமான். ஊரின் அழகையும் சுல்தானின் தாராள குணத்தையும் அவர் புகழ்ந்து எழுதியிருக்கிறார். அந்த சுல்தான் கட்டிய ஹுசுனி குப்வா அரண்மனை கடலைப் பார்த்த பாறை விளிம்பில் நிற்கிறது. நூறு அறைகளுக்கு மேல், நடுவில் எண்கோண வடிவத்தில் ஒரு நீச்சல் குளம். பெரிய மசூதியைப் பதினாறு குவிமாட, வளைவுக் கூரைப் பகுதிகளோடு விரிவாக்கினார்கள். அதன் பெரிய குவிமாடம்தான் 19-ஆம் நூற்றாண்டு வரை கிழக்கு ஆப்பிரிக்காவிலேயே பெரியது.

இதையெல்லாம் கட்டியது யார்? இங்கேதான் சண்டை.

16-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கில்வாவின் ஊர் வரலாறு ஒரு கதை சொல்கிறது. பாரசீகத்தின் ஷிராஸிலிருந்து வந்த ஓர் இளவரசர், தீவைச் சுற்றி விரிக்கும் அளவுக்குத் துணி கொடுத்து உள்ளூர்த் தலைவரிடமிருந்து அதை வாங்கினாராம். (கிரயப் பத்திரம் பதிவானதா தெரியவில்லை!) 1960-களில் இங்கே விரிவாக அகழ்ந்த நெவில் சிட்டிக் இந்த நகரங்களைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களின் படைப்பாகவே பார்த்தார். கறுப்பர்கள் கல்லில் கட்டினார்கள் என்று ஒப்புக்கொள்ள அந்தக் காலத்தில் பலருக்கு மனம் வரவில்லை. கிரேட் ஜிம்பாப்வேயைக்கூட ஷீபா ராணி கட்டியது என்று சொல்லிப் பார்த்தவர்கள்தானே!

பிறகு வந்த ஆய்வாளர்கள் இதை மாற்றினார்கள். மண்ணும் கம்பும் கொண்டு வீடு கட்டிய ஆப்பிரிக்கக் கரையோர மக்களின் ஊர்களே மெல்ல மெல்லக் கல் நகரங்களாக வளர்ந்தன என்று அகழாய்வுகள் காட்டின. 2023-ல் 'நேச்சர்' இதழில் வந்த மரபணு ஆய்வு இன்னும் சுவாரசியம். கில்வா உட்பட ஸ்வாஹிலி ஊர்களில் புதைக்கப்பட்ட 80 பேரின் எலும்புகளைச் சோதித்தார்கள். கரையோரத்தில் பலருக்குத் தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கா. தந்தைவழியில் சுமார் கி.பி. 1000-லிருந்து பாரசீகக் கலப்பு, கூடவே கொஞ்சம் இந்தியக் கலப்பும். ஆக, ஊர் வரலாற்றின் கதை முழுப் பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை. மாப்பிள்ளை வெளியூர், பெண்ணும் வீடும் உள்ளூர்.

பிறகு போர்ச்சுகீசியர்கள் வந்தார்கள். 1502-ல் வாஸ்கோ ட காமா தன் இரண்டாவது பயணத்தில் பீரங்கியைக் காட்டிக் கில்வாவிடம் கப்பமாகத் தங்கம் வாங்கினார். அந்தத் தங்கத்தில் 1506-ல் செய்து முடித்த தேவாலயப் பாத்திரம் ஒன்று இன்றும் லிஸ்பன் அருங்காட்சியகத்தில் ஜொலிக்கிறது. 1505 ஜூலையில் அல்மெய்தா கில்வாவைத் தாக்கிப் பிடித்துக் கோட்டை கட்டினார். அதே அல்மெய்தா பிறகு வந்து நின்றது நம் மேற்குக் கரையில், கண்ணனூரிலும் கொச்சியிலும், போர்ச்சுகீசிய இந்தியாவின் முதல் வைஸ்ராயாக. 1512-ல் கில்வாக் கோட்டையைக் கைவிட்டுப் போனார்கள். அதற்குள் தங்க வியாபாரத்தின் முதுகு உடைந்துவிட்டது.

கில்வாவை வெறும் பாதிக்கப்பட்ட ஊராகவும் பார்க்க முடியாது. 18-ஆம் நூற்றாண்டில் அது மறுபடி தலையெடுத்தது அடிமை வியாபாரத்தால். 1776-ல் கில்வா சுல்தான் ஒரு பிரெஞ்சு வியாபாரியோடு வருடத்துக்கு ஆயிரம் அடிமைகள் என்று ஒப்பந்தமே போட்டார். அழகான சுவர்களைப் பார்த்து மயங்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

இனி என் வேலைக்கு வருகிறேன்.

கில்வா கிசிவானியும் பக்கத்துத் தீவான சோங்கோ ம்நாராவும் 1981-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்கள் ஆயின. 2004-ல் ஆபத்தில் இருக்கும் சின்னங்கள் பட்டியலுக்குப் போயின. ஒரு பக்கம் அலை கரையை அரித்துக் கோட்டைச் சுவரையே கடலுக்குள் இழுத்தது. இன்னொரு பக்கம் மழைத் தண்ணீர் ஹுசுனி குப்வா பாறையைக் கரைத்தது. மேலே மரம், செடி, கொடி. பத்து வருட உழைப்புக்குப் பிறகு 2014-ல் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. ஆனால் மராமத்து என்பது ஒரு முறை செய்து முடிக்கிற சமாச்சாரமில்லையே. யுனெஸ்கோ 2008-ல் உலக மரபுச் சின்னங்களுக்கான தன்னார்வலர் திட்டம் தொடங்கியதிலிருந்து, உலகம் முழுவதும் இந்த மாதிரி இடங்களில் முகாம்கள் நடக்கின்றன. நான் போய்ச் சேர்ந்ததும் அப்படி ஒரு சிறு கூட்டத்தில்தான். எல்லோரும் இருபது, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள். எனக்கு மட்டும் தலை நரைக்க ஆரம்பித்திருந்ததால் முதல் நாளே 'பாபா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எங்களுக்கு மேஸ்திரி உள்ளூர்க் கொத்தனார் ஒருவர். அறுபது வயதிருக்கும். எல்லோரும் 'ம்ஸே' என்று கூப்பிட்டார்கள், பெரியவரே என்று மரியாதை. முதல் நாள் நான் சுவரில் முளைத்திருந்த ஒரு செடியை உற்சாகமாக இழுத்தேன். செடியோடு இரண்டு கல்லும் என் காலடியில் விழுந்தன. ம்ஸே கோபிக்கவில்லை. கல்லை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்த பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அறுநூறு வருஷமா நின்ன கல்லை நீங்க ஒரு நிமிஷத்துல இறக்கிட்டீங்களாம்."

பிறகு அவர் சொல்லிக்கொடுத்தார். வேரை இழுக்கக் கூடாது. வேர்தான் இப்போது கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தண்டை ஒட்ட வெட்டு. மறுபடி தழைத்தால் மறுபடி வெட்டு. வேர் பட்டு மக்கிய பிறகு அந்த ஓட்டையைச் சாந்து வைத்து அடை. பொறுமை இல்லாதவன் சுவரைத் தொடாதே.

கில்வாவின் கட்டடங்கள் கருங்கல் இல்லை, பவளப்பாறைக் கல். கரையில் கிடைக்கும் கெட்டியான பழைய பவளக்கல்லைச் சுவருக்கு வைத்தார்கள். கடலுக்கடியிலிருந்து உயிருள்ள பவளத்தை வெட்டி எடுத்தால் அது ஈரத்தில் மெதுவாக இருக்கும், மரம் மாதிரி செதுக்கலாம், காய்ந்ததும் இறுகிவிடும். வாசல் நிலை, மசூதியின் மாடம் எல்லாம் அதில்தான். மிச்சப் பவளத்தை விறகு அடுக்கி எரித்தால் சுண்ணாம்பு. கூரைக்குச் சதுப்புநில மரக்கம்புகள். அந்தக் கம்பின் நீளம்தான் அறையின் அகலத்தை முடிவு செய்தது, மூன்று மீட்டருக்குள். அதனால்தான் எவ்வளவு பெரிய மாளிகையிலும் அறைகள் ரயில் பெட்டி மாதிரி குறுகலாக நீண்டிருக்கின்றன.

அந்தச் சுவரைத் தொட்டதும் எனக்குத் தனுஷ்கோடி நினைவு வந்தது. 1964 புயலில் அழிந்த ஊரில் இன்றும் நிற்கிற மாதா கோயில் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுவும் பவளக்கல்தான். சின்ன வயதில் அப்பாவோடு போய் அந்தப் பொத்தல் பொத்தலான கல்லில் விரலை விட்டு விளையாடியிருக்கிறேன். அதே கல், கடலுக்கு அந்தப் பக்கம்.

என் வேலை சித்தாள் வேலை. சுண்ணாம்பைச் சலித்து, மணலோடு குழைத்து, வாளியில் சுமந்து கொடுப்பது. ஸ்வாஹிலியில் சுண்ணாம்புக்கு 'சோகா' என்று பெயர். ஒரு பிரெஞ்சுப் பையன், சிமென்ட் போட்டால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டான். ம்ஸே தலையை ஆட்டினார். சிமென்ட் கல்லைவிடக் கெட்டி. ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய தண்ணீரும் உப்பும் பக்கத்திலிருக்கும் பவளக்கல்லைத்தான் தின்னும். கடைசியில் சிமென்ட் நிற்கும், கல் உதிர்ந்து போயிருக்கும். சுண்ணாம்பு அப்படியில்லை, சுவரோடு சேர்ந்து மூச்சு விடும், கெட்டுப்போனால் தான் கெடும், கல்லைக் காப்பாற்றும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊற வைத்துச் சுண்ணாம்பு அரைத்த நம் ஊர்ப் பெரியவர்கள் இதைக் கேட்டால், இது என்னடா புதுசா என்று கேட்டிருப்பார்கள்.

சாயங்காலங்களில் கரையோரம் சதுப்புநிலக் கன்று நடுவோம். பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் பார்த்திருப்பீர்களே, அதே சுரபுன்னை இனம். முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும் முளையைச் சேற்றில் குத்தி வைத்தால் போதும். கரையில் சதுப்புநில மரங்கள் குறைந்தால் அலை நேராக மண்ணை அரிக்கிறது. கோட்டையைக் காப்பாற்றக் கல்லை விட இந்தக் குச்சிகள் முக்கியம் என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போடுவேன் (தொழில் புத்தி). பதினாறு நாளில் பயணம் போக வேலை செய்தது பதினொரு நாள். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து சரி செய்த சுவர் நாலைந்து மீட்டர் இருக்கும். என் ஒருவனின் விமான டிக்கெட் காசைக் கொடுத்திருந்தால் ம்ஸே மாதிரி ஒரு கொத்தனார் பல மாதம் வேலை பார்த்திருப்பார், என்னை விட நூறு மடங்கு நன்றாக. அப்படியானால் நான் போனது வீண் செலவா?

ஒரு நாள் தயங்கித் தயங்கி இதை அவரிடமே கேட்டேன். அவர் சொன்ன பதில்: "நீங்கள் கட்டிய சுவரை நீங்கள் போன பிறகு நான் ஒரு முறை சரி பார்ப்பேன். அது பரவாயில்லை. ஆனால் என் பேரன் இங்கே வந்து வேடிக்கை பார்க்கிறான். இந்தியாவிலிருந்து ஒருத்தர் நம் ஊர்க் கல்லைச் சுமக்க வந்திருக்கிறாரே என்று வீட்டில் போய்ச் சொல்கிறான். இதற்கு முன்னால் அவனுக்கு இது ஆடு மேய்கிற இடம்."

எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. இன்றும் அடுத்தவர்களிடம் "ஆப்பிரிக்கா போய்த் தொண்டு செய்யுங்கள்" என்று நான் சொல்வதில்லை. அந்த இடத்தைக் காப்பாற்றுவது அங்கேயே இருந்து வருடா வருடம் செடி வெட்டுகிறவர்கள்தான். நம்மைப் போன்றவர்கள் போவது கற்றுக்கொள்ள. இதை ஒப்புக்கொண்டு போனால் போகலாம்.

திரும்பி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு கம்பாத் போனேன். வடோதராவிலிருந்து இரண்டு மணி நேரம். ஒரு காலத்தில் துணியும் மணியும் ஏற்றிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் அனுப்பிய துறைமுகம், இன்று மண் தூர்ந்து கிடக்கிறது. ஆனால் அகேட் கல்லைச் சூடு காட்டிச் சிவக்க வைத்து மணி செய்யும் தொழில் இன்னும் இருக்கிறது. கில்வா அகழாய்வில் கிடைத்தவற்றில் அந்தச் சிவப்பு மணிகளும் உண்டு. அரபியிலும் பாரசீகத்திலும் கலந்து ஸ்வாஹிலிக்குப் போன வார்த்தைகளோடு, கடைக்கு 'டுகா', லட்சத்துக்கு 'லாகி', காசோலைக்கு முந்தைய காலத்து 'ஹுண்டி' எல்லாம் அங்கே புழங்குகின்றன. நம் ஊர் உண்டியலும் அந்த ஹுண்டியும் ஒன்றுதான் என்று மகளிடம் சொன்னேன். அவள் ஒரு மணி மாலை வாங்கிக்கொண்டாள்.

அந்த வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். முதல் காரியமாக ஊருணிக் கரை. அம்மா சொன்னது சரிதான். மண்டபத்தின் வடகிழக்கு மூலையில் அரச மரம் என் கை தடிமனுக்கு வளர்ந்திருந்தது. தெற்குப் பக்கம் ஒரு தூண் ஏற்கெனவே சாய்ந்து, மேலே இருந்த பலகைக்கல் இரண்டாக உடைந்து கிடந்தது. அது போன மழைக்கு விழுந்ததாம். ஊரில் சிலர், "ஜேசிபி வச்சு மரத்தை ஒரே இழுப்பா இழுத்துடலாம் தம்பி, நாளைக்கே முடிச்சிடலாம்" என்றார்கள். நான் வேண்டாம் என்று கெஞ்சினேன். ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்துக் கில்வாவில் என் காலடியில் விழுந்த இரண்டு கல்லைப் பற்றிச் சொன்னேன். சித்தப்பா மகன் ஏணி பிடிக்க, மரத்தைக் கல்லை ஒட்ட அறுத்தோம். சின்னக் கன்றுகள் பதினேழு, எண்ணி வெட்டினோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவிலும் அரிவாளோடு மேலே ஏறுகிறேன். நான் போக முடியாத மாதங்களில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இரண்டு பேர் ஏறுகிறார்கள். பெரிய வேர் பட்டுப்போக ஐந்து வருடம் ஆனது. சுண்ணாம்புச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடியதில், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் வேலை பார்த்த ஒருவர் கிடைத்து, அந்த ஓட்டையை அடைத்துக் கொடுத்தார். விழுந்த தூணை இன்னும் நிறுத்தவில்லை. அதற்கான பணமும் சேரவில்லை, தூக்கி நிறுத்தத் தெரிந்த ஆளும் அமையவில்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு. போன வாரம் ஃபோனில் மண்டபத்தைப் பற்றித்தான் முதலில் சொன்னார். வடக்குப் பக்கம் மறுபடி ஒரு கன்று தலை காட்டுகிறதாம். "பையங்க கிட்ட சொல்லிட்டேன். இழுக்கக் கூடாது, வெட்டணும்னு நானே கீழ நின்னு பாத்துக்கிட்டேன்" என்றார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மண்டபமோ சத்திரமோ படித்துறையோ இருக்கும். அடுத்த முறை போகும்போது ஒரு நடை போய் மேலே பாருங்கள், கன்று ஏதாவது முளைத்திருக்கிறதா என்று. விரல் தடிமனில் இருந்தால் ஒரு மணி நேர வேலைதான்.